நண்பகல் வரை நனையாத சாண்ட்விச்

காலை ஏழு மணிக்கு டிபன் பாக்ஸில் வைத்த சாண்ட்விச் பகல் பன்னிரண்டரைக்கு வெளியே வரும்போது ஆளே மாறியிருக்கும். இடையில் யாரும் அதைத் தொடவில்லை. மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஆனாலும் காலையில் மெத்தென்று இருந்த பிரெட் நடுவில் நைந்து, ஓரத்தில் விறைத்து, பிடித்த கையிலேயே பிய்ந்து விழுகிறது. எல்.கே.ஜி. படிக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ அதைச் சேர்த்துப் பிடித்துச் சாப்பிடத் தெரியாது. வெள்ளரிக்காய் மடியில் விழும், சட்னி சட்டையில் வழியும், பாதிச் சாப்பாடு அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும். நான்கு வயதுக் குழந்தையின் வயிறு சிறியது. அது சாப்பிடாமல் விட்ட பாதியை ஈடுகட்டப் பள்ளியில் வேறு எதுவும் இருக்காது.

மூடிய டப்பாவுக்குள் அந்த ஐந்தரை மணி நேரமும் என்னதான் நடக்கிறது? தண்ணீர் இடம் மாறுகிறது. வெள்ளரிக்காயிலிருந்து பிரெட்டுக்கு, பிரெட்டிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து மூடிக்கு, மூடியிலிருந்து மறுபடி பிரெட்டுக்கு. சாண்ட்விச்சில் கெட்டுப்போகிற விஷயம் எதை எடுத்தாலும், அதன் பின்னால் தண்ணீரின் இந்தப் பயணம் இருக்கும். இந்த மாதம் நாம் அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். உங்களில் பத்து வயது ஆனவர்கள் நாளைக் காலையே தம்பி தங்கைக்கு ஒரு சாண்ட்விச் செய்து அனுப்பலாம். கத்தியும் அடுப்பும் வரும் இடங்களில் மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். தொடங்கும் முன் இரண்டு கைகளையும் சோப்புப் போட்டு, விரலிடுக்கு வரை தேய்த்துக் கழுவுங்கள். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பிரெட் ஸ்லைஸ் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சின்னதும் பெரிதுமாக எத்தனை துளைகள்! கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசையும்போது, அதிலுள்ள கிளையடின், குளூட்டெனின் என்ற இரண்டு புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குளூட்டன் என்ற இழுபடும் வலையாகின்றன. மாவில் சேர்த்த ஈஸ்ட் ஒற்றைச் செல் பூஞ்சை. அது சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. வாயு தப்பி ஓடப் பார்க்கும், குளூட்டன் வலை விடாது. மாவு உப்பிக்கொண்டே போகும். அரிசியில் குளூட்டன் இல்லை. இட்லி மாவில் வாயுவைப் பிடித்துவைக்கும் வேலையை உளுந்தின் வழவழப்பு செய்கிறது. உளுந்து குறைந்தால் இட்லி கல்லாகிவிடுகிறதே, அது இதனால்தான்.

பேக்கரி அடுப்பில் சூடு ஏறி ஏறி 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, மாவுச்சத்து மணிகள் சுற்றியுள்ள தண்ணீரை உறிஞ்சி வீங்கி வேகத் தொடங்கும். குமிழ்கள் இருந்த இடங்கள் துளைகளாக நிலைத்துவிடும். உள்ளே தண்ணீர் இருப்பதால் பிரெட்டின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. வெளி ஓரம் மட்டும் காய்ந்து, அதைவிட அதிகமாகச் சூடேறிப் பழுப்பாகும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து நிறத்தையும் மணத்தையும் தருகிற இந்த வினையைப் பற்றி 1912-இல் எழுதியவர் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு அறிவியலாளர். தோசை முறுகுவதிலும் இதே வினைதான் நடக்கிறது.

தொட்டால் உலர்ந்ததுபோலத் தெரிகிற பிரெட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். நம்ப முடியவில்லையா? எடைத் தட்டு இருந்தால் ஒரு ஸ்லைஸை நிறுத்து, வெயிலில் நொறுங்கும் வரை காயவைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். அந்தத் தண்ணீர் மாவுச்சத்தோடும் புரதத்தோடும் ஒட்டிக் கிடக்கிறது. அதனால் கையில் ஈரம் தட்டுவதில்லை. ஆனால் வெளியிலிருந்து புதுத் தண்ணீர் வந்தால் கதை வேறு. அத்தனை துளைகளும் அவற்றுக்கிடையே உள்ள மெல்லிய சுவர்களும் அதை நுண்புழை வழியாக இழுத்துக் குடித்துவிடும். ஏற்கெனவே மென்மையாக இருந்த சுவர்கள் ஊறிச் சரியும். அதைத்தான் நாம் நைந்துபோச்சு என்கிறோம்.

அந்தப் புதுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

வெள்ளரிக்காயின் எடையில் சுமார் 95 விழுக்காடு தண்ணீர். தக்காளியிலும் ஏறத்தாழ அவ்வளவே. முழுக்காயாக இருக்கும்வரை அது செல்களுக்குள் பத்திரமாக இருக்கும். கத்தி பட்டதும் வெட்டுவாயில் உள்ள செல்கள் உடைந்து கொஞ்சம் கசியும். அதோடு நின்றால் பரவாயில்லை. நாம் ருசிக்காக மேலே உப்பைத் தூவுகிறோம், பிரச்சினை அங்கேதான் பெரிதாகிறது. ஒரு சோதனை செய்து பார்த்துவிடுங்கள். ஒரே அளவான வெள்ளரி வட்டங்களை இரண்டு தட்டுகளில் பரப்புங்கள். ஒரு தட்டில் மட்டும் கால் டீஸ்பூன் உப்பைத் தூவுங்கள். கால் மணி நேரம் கழித்துத் தட்டைச் சாய்த்தால், உப்புப் போட்ட தட்டில் தண்ணீர் ஓடும். மற்ற தட்டில் ஈரம் மட்டும் இருக்கும்.

செல்லைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அது தண்ணீரை விடும், உப்பை எளிதில் விடாது. வெளியே உப்புக் கரைசல் அடர்த்தியாகவும் உள்ளே நீர்த்தும் இருந்தால், தண்ணீர் நீர்த்த பக்கத்திலிருந்து அடர்ந்த பக்கத்துக்குப் போகும். பள்ளியில் சவ்வூடு பரவல் என்று படிக்கிறீர்களே, அதை இப்போது உங்கள் சமையலறைத் தட்டிலேயே பார்த்தாயிற்று. மாங்காய் ஊறுகாய் போட உப்பில் பிரட்டி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்பதும் இதனால்தான்.

இதைத் தெரிந்துகொண்டால் இரண்டு வழிகள் திறக்கும். உப்பையே போடாமல் விடலாம். அல்லது உப்பைப் போட்டுக் கால் மணி நேரம் வைத்து, வெளிவந்த தண்ணீரை வடித்து, வட்டங்களைச் சுத்தமான துணியில் ஒற்றி எடுத்து அடுக்கலாம். எந்தத் தண்ணீர் டப்பாவுக்குள் வெளியேறவிருந்ததோ, அதை நாமே முன்கூட்டி வெளியேற்றிவிடுகிறோம். தக்காளியில் விதையைச் சுற்றியுள்ள கூழ்தான் அதிகம் கசியும். அதைக் கரண்டியால் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் வைக்கலாம். (என்னைக் கேட்டால், நான்கைந்து வயதுக் குழந்தைக்கு வெள்ளரியைச் சாண்ட்விச்சுக்குள் வைக்கவே வேண்டாம். பக்கத்துச் சின்ன டப்பாவில் மெல்லிய வில்லைகளாகப் போட்டுக் கொடுங்கள். தனியாகக் கடித்துத் தின்னக் குழந்தைகளுக்குப் பிடிக்கும், பிரெட்டும் நனையாது.)

நடுவே ஒரு சுவர்

மும்பையில் தெருவோரம் சாண்ட்விச் விற்பவர்களின் கையைக் கவனித்தால் ஒரு ஒழுங்கு தெரியும். முதலில் வெண்ணெய், அதுவும் ஒரு மூலைகூட விடாமல் ஸ்லைஸின் ஓரம் வரைக்கும். அதன்மேல்தான் பச்சைச் சட்னி. பிறகு உருளைக்கிழங்கு, வெள்ளரி, தக்காளி, வெங்காயம். எத்தனை அவசரமானாலும் சட்னி முந்தி வெண்ணெய் பிந்துவதில்லை. அந்த வரிசையில் நல்ல வேதியியல் இருக்கிறது.

வெண்ணெயில் குறைந்தது 80 விழுக்காடு கொழுப்பு. கொழுப்பும் தண்ணீரும் சேராது. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஒன்றையொன்று வலுவாக ஈர்த்துக்கொள்கின்றன. கொழுப்பு மூலக்கூறுகளிடம் அப்படிப் பற்றிக்கொள்ள அவற்றுக்குப் பிடிமானம் இல்லை. ஆகவே பிரெட்டின் துளைகளை வெண்ணெய் அடைத்துவிட்டால், சட்னித் தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே போவது கடினம். பார்க்க ஆசையா? பீட்ரூட் துருவலைப் பிழிந்து ஒரு கரண்டிச் சாறு எடுங்கள். வெறும் ஸ்லைஸில் ஒரு சொட்டு, வெண்ணெய் தடவிய ஸ்லைஸில் ஒரு சொட்டு. முதல் ஸ்லைஸில் சிவப்பு வட்டம் உடனே விரியும். வெண்ணெய் மேல் விழுந்த சொட்டு உருண்டு நிற்கும். பத்து நிமிடம் கழித்து இரண்டையும் நடுவில் பிய்த்து, சிவப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கட்டி வெண்ணெய் இதற்கு உதவாது. தடவும்போது பிரெட்டைக் கிழிக்கும், அங்கங்கே இடைவெளி விடும். ஒரு இடைவெளி போதும், தண்ணீர் அந்த வழியாக நுழைந்துவிடும். ஆகவே காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வெண்ணெயை வெளியே எடுத்து வையுங்கள். இன்னொன்றும் உண்டு. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸில் பெரும்பாலும் உருகிவிடும். மார்ச், ஏப்ரல் வெயிலில் சென்னையிலோ மதுரையிலோ வகுப்பறைச் சூடே அதைத் தாண்டிவிடும். உருகிய வெண்ணெய் பிரெட்டுக்குள் இறங்கிவிட்டால் தடுப்பு பலவீனமாகும். கோடையில் வெண்ணெயை மட்டும் நம்பாமல், உள்ளே வைக்கும் பொருளையே உலர்ந்ததாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. காரம் குறைத்து அரைத்த பருப்புப் பொடியை வெண்ணெய் தடவிய பிரெட்டில் தூவிக் கொடுத்தால், சிறு பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். பருப்பின் புரதமும் கிடைக்கும். பீநட் பட்டரில் தண்ணீர் மிகமிகக் குறைவு, எண்ணெய் அதிகம். தடுப்பும் அதுவே, உள்ளீடும் அதுவே. ஆனால் வேர்க்கடலை சில குழந்தைகளுக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். பக்கத்து இருக்கைக் குழந்தையோடு பகிர்ந்து உண்ணும் வயது அது. ஆகவே வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

தோசைக்கல்லில் வாட்டிய பிரெட்டின் மேற்பரப்பு காய்ந்து கெட்டியாகிறது. அது நனைய நேரமெடுக்கும். ஆனால் டோஸ்ட்டைச் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் எல்லாம் வீணாகிவிடும். சூடான பிரெட்டிலிருந்து கிளம்பும் நீராவி எவர்சில்வர் மூடியில் மோதிக் குளிர்ந்து துளித்துளியாகத் திரளும், பிறகு சொட்டும். வெள்ளரி இல்லாத சாண்ட்விச்சும் சில நாள் ஈரமாக வருவதன் காரணம் இதுவே. தட்டில் படுக்க வைத்து ஆறவிட்டாலும் அடிப்பக்கம் வியர்க்கும். இரண்டு டோஸ்ட்டுகளை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து நிறுத்தி ஆறவிடுங்கள். எல்லாப் பக்கமும் காற்றுப் படும். கைபொறுக்கும் சூடு போதாது, நன்றாக ஆறட்டும்.

ஃபிரிட்ஜில் வைத்த பிரெட் ஏன் விறைக்கிறது?

“அக்கா, வெளியில வச்சா காஞ்சுபோகும்னு நேத்து ராத்திரி பிரெட்டை ஃபிரிட்ஜுல வச்சோம். ஆனா அது இன்னும் மோசமா விறைச்சுப் போச்சே?” இது பல வீடுகளில் எழுகிற கேள்வி. கேள்வி சரியானது, பிரெட் உலர்ந்துதான் விறைக்கிறது என்ற எண்ணம்தான் தவறு.

பூஸங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1852-லேயே இதைக் காட்டிவிட்டார். காற்றுப் புகாதபடி அடைத்து, துளித் தண்ணீர்கூட வெளியே போகாமல் வைத்த பிரெட்டும் பழசாகி விறைத்தது. அதைச் சூடாக்கியபோது மறுபடி மென்மையானது. அப்படியென்றால் தண்ணீர் பிரெட்டை விட்டுப் போகவில்லை, பிரெட்டுக்குள்ளேயே இடம் மாறியிருக்கிறது.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. வேகும்போது அந்தச் சங்கிலிகள் கலைந்து, இடையிடையே தண்ணீரை ஏற்றுக்கொண்டு தளர்வாகக் கிடந்தன. ஆறிய பிறகு அவை மெல்ல மெல்ல நெருங்கி, மறுபடி வரிசை கட்டத் தொடங்குகின்றன. வரிசை இறுக இறுக, இடையிலிருந்த தண்ணீர் ஒதுக்கப்படுகிறது. பிரெட் கெட்டியாகிறது. இந்த வரிசை கட்டும் வேலை எந்தச் சூட்டில் அதிக வேகமாக நடக்கும் தெரியுமா? பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலே. அதாவது உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் வெப்பநிலையில். வெளியே மேசையில் அதைவிட மெதுவாகவே நடக்கிறது. ஃப்ரீசரிலோ தண்ணீர் உறைந்து, சங்கிலிகள் அசையவே முடியாமல் போவதால் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. மிச்சச் சாதத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் பருக்கை பருக்கையாக விறைத்து நிற்பதும், இட்லி கெட்டிப்படுவதும் இதே காரணத்தால்தான். சூடாக்கினால் மூன்றும் இளகிவிடும், ஏனென்றால் 60 டிகிரிக்கு மேல் போகும்போது அந்த வரிசைகளில் பெரும்பகுதி மறுபடி கலைந்துவிடுகிறது.

அதனால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும் பிரெட்டை உறையோடு வெளியே வைக்கலாம். மழைக்காலத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் வைப்பதென்றால் ஃப்ரீசர்தான் சரியான இடம்.

பிரெட்டை ஸ்லைஸ் போட்டு விற்பதே ஒரு காலத்தில் இந்தத் தண்ணீர்ப் பிரச்சினையால் தடைப்பட்டது. அமெரிக்காவில் நகைக்கடைகள் வைத்திருந்த ஓட்டோ ரோவெடர் அவற்றை விற்ற பணத்தில் பிரெட் வெட்டும் இயந்திரம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். 1917-இல் ஒரு தீவிபத்தில் இயந்திரமும் வரைபடங்களும் எரிந்து போயின. மனம் தளராமல் திரும்பத் தொடங்கினார். வெட்டினால் பிரெட் காய்ந்துவிடும் என்று பேக்கரிக்காரர்கள் தயங்கினார்கள். வெட்டு விழுந்த ஒவ்வொரு பக்கமும் தண்ணீர் ஆவியாகும் புதுப் பரப்பு ஆயிற்றே! ஸ்லைஸ்களை ஊசி குத்திச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார், சரிவரவில்லை. கடைசியில் வெட்டிய கையோடு காகிதம் சுற்றிவிடும் இயந்திரத்தைச் செய்தார். 1928 ஜூலை 7 அன்று மிசௌரி மாநிலத்தின் சில்லிக்கோத்தி என்ற ஊரில், அந்த இயந்திரம் வெட்டிய பிரெட் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. நீங்கள் கடையில் வாங்கும் பிரெட் பாக்கெட்டின் உறை இன்றும் அதே வேலையைச் செய்கிறது. வீட்டில் பாக்கெட்டைப் பிரித்துவிட்டு வாயைத் திருகி மூடாமல் விடுகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகள்

நைந்த சாண்ட்விச் ருசிக்காது, அவ்வளவுதான். ஆனால் கெட்ட சாண்ட்விச் குழந்தையை மருத்துவமனையில் சேர்த்துவிடும். இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

பாக்டீரியாக்கள் பெருக உணவு வேண்டும், இளஞ்சூடு வேண்டும், தண்ணீர் வேண்டும். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை அவற்றுக்கு வசதியான எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காலை ஏழிலிருந்து பன்னிரண்டரை வரை உங்கள் டிபன் பாக்ஸ் அந்த எல்லைக்கு நட்டநடுவில் இருக்கிறது. எல்லா வசதியும் அமைந்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கணக்குப் போடுங்கள். ஒரு மணி நேரத்தில் 3 இரட்டிப்பு, 5 மணி நேரத்தில் 15. ஒரே ஒரு பாக்டீரியா 2, 4, 8 என்று ஏறி, பதினைந்தாவது இரட்டிப்பில் 32,768 ஆகிவிடும். நூறில் தொடங்கினால் 32 லட்சத்தைத் தாண்டும். சமைத்த உணவை அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று அதே நிறுவனம் சொல்வது இதனால்தான். அமெரிக்க வேளாண் துறை, வெளிச்சூடு 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் என்கிறது. நம் ஊரில் ஆண்டில் பாதி நாள் அப்படித்தான்.

அப்படியானால் மதிய உணவே கொண்டுபோகக் கூடாதா? போகலாம். ஜாமில் ஈரம் இருக்கிறது, ஆனாலும் கெடுவதில்லை, கவனித்தீர்களா? அதிலுள்ள ஏராளமான சர்க்கரை மூலக்கூறுகள் தண்ணீரைப் பற்றிப் பிடித்திருக்கின்றன. பாக்டீரியாவுக்குக் கண்ணெதிரே தண்ணீர், குடிக்கத்தான் கிடைக்காது. வெள்ளரியிலிருந்து தண்ணீர் வெளியே வந்ததே, அதேபோல ஜாமில் விழுந்த பாக்டீரியாவிலிருந்தும் தண்ணீர் வெளியே இழுக்கப்படும். ஊறுகாயில் இதை உப்பு செய்கிறது, புளிப்பும் சேர்ந்து காக்கிறது. வெகுதூரப் பயணத்துக்கு நம் முன்னோர் புளியோதரை கட்டிக்கொண்டு போனதில் இந்த அறிவு இருந்தது. புளியின் அமிலத்தில் பல பாக்டீரியாக்கள் பெருகத் திணறும்.

இனி உள்ளே வைப்பதை நீங்களே பிரித்துப் பார்க்கலாம். பொடி, ஜாம், பீநட் பட்டர் எல்லாம் மதியம் வரை தாங்கும். வேகவைத்த முட்டை, கோழி, பனீர், மசித்த உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் தண்ணீரும் சத்தும் தாராளம், சர்க்கரையோ புளிப்போ காவலுக்கு இல்லை. அவற்றை மாலையில் வீட்டில் சுடச்சுடச் செய்து கொடுங்கள். பள்ளிக்குத்தான் வேண்டுமென்றால் குளிர்ச்சி இல்லாமல் அனுப்பக் கூடாது. பச்சை முட்டையில் அடித்த மயோனைஸைக் குழந்தையின் டப்பாவில் வைக்கவே வேண்டாம். சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அதன்வழி பரவக்கூடும் என்பதால், தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது.

குளிர்ச்சிக்கு ஐஸ் பெட்டி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பி, இரவு ஃப்ரீசரில் வையுங்கள். முழுக்க நிரப்பாதீர்கள், உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு விரியும், பாட்டில் வெடித்துவிடலாம். காலையில் அதை ஒரு துண்டில் சுற்றி டப்பாவை ஒட்டி வைத்துவிடுங்கள்.

அது ஏன் இத்தனை நேரம் தாங்குகிறது என்று முதலில் விளங்கிக்கொண்டவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1762-இல் சக அறிஞர்களின் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னார். உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டி சூட்டை வாங்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் அதன் வெப்பநிலை பூஜ்யத்திலேயே நிற்கிறது. வாங்கிய சூடெல்லாம் உருகுவதற்கே செலவாகிறது. அதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வேண்டும். உருகி வந்த அந்த ஒரு கிராம் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கவும் அதே 80 கலோரிதான்! ஆகவே குளிர்ந்த தண்ணீர் பாட்டில் சீக்கிரம் தோற்றுவிடும், உறைந்த பாட்டில் பகல் வரை நிற்கும். எவர்சில்வர் டப்பா பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால், உள்ளிருக்கும் சூட்டைப் பாட்டிலுக்கு விரைவாகக் கொடுத்துவிடும். உணவுப் பை ஜன்னலோர வெயிலில் படாமல் இருந்தால் இன்னும் நல்லது.

இதிலேயே இன்னொரு உத்தியும் உண்டு. பொடி அல்லது பீநட் பட்டர் சாண்ட்விச்சை முதல் நாள் இரவே செய்து, இறுக்கிச் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடலாம். காலையில் அப்படியே டப்பாவுக்குள் போட்டால், தன்னைத்தானே குளிரவைத்துக்கொண்டு மதியத்துக்குள் மெத்தென்று இளகிவிடும். வெள்ளரி, தக்காளி வைத்ததை மட்டும் உறைய வைக்காதீர்கள். பனிப் படிகங்கள் செல்களைக் கிழித்துவிடும். உருகும்போது அத்தனை தண்ணீரும் பிரெட்டில் இறங்கும்.

சின்ன வாய்க்கு எப்படி வெட்டுவது?

பிரெட் ஸ்லைஸின் பக்கம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நேராக வெட்டினால் ஒவ்வொரு பாதிக்கும் 10 செ.மீ. நீளத்துக்கு, முறுகல் ஓரம் இல்லாத மென்மையான விளிம்பு கிடைக்கும். மூலைக்கு மூலை குறுக்காக வெட்டினால்? பிதாகரஸ் தேற்றத்தைக் கேளுங்கள், 14.1 செ.மீ. அதே பிரெட்டில் கடிக்கத் தொடங்க வசதியான விளிம்பு கூடுகிறது. 45 டிகிரிக் கூர்முனை சின்ன வாய்க்குள் எளிதாகப் போகும். நான்கு முக்கோணமாக வெட்டினால் குட்டிக் கைக்கு அடக்கமாக இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், வெட்டு கூடக் கூடக் காற்றுப் படும் பரப்பும் கூடும், ரோவெடர் பட்ட பாடுதான். வெட்டியவற்றைப் பழையபடி சேர்த்து வைத்து, டப்பாவில் இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள்.

ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழு முந்திரியோ வேர்க்கடலையோ முழுத் திராட்சையோ கூடவே வைக்கக் கூடாது. அவர்களின் மூச்சுக்குழாய் குறுகலானது, நன்றாக மென்று அரைக்கும் திறனும் முழுதாக வந்திராது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். பீநட் பட்டரையும் மெல்லியதாகத் தடவுங்கள், கட்டியாக இருந்தால் தொண்டையில் ஒட்டும். ஆப்பிள் துண்டுகளில் எலுமிச்சைச் சாறு தடவினால் பழுப்பாவது தள்ளிப்போகும்.

மாலையில் டப்பா திரும்பி வரும்போது உள்ளே முட்டை சாண்ட்விச் மிச்சம் இருந்தால் என்ன செய்வது? வீணாகிறதே என்று பலர் அதைத் தோசைக்கல்லில் சூடாக்கிச் சாப்பிடுவார்கள். சூட்டில் கிருமி செத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. கிருமி சாகும், உண்மைதான். ஆனால் நம் தோலிலும் மூக்கிலும் வாழ்கிற ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா, உணவில் பெருகும்போது ஒரு நச்சை விட்டுச் செல்கிறது. பாக்டீரியாவைக் கொல்லும் சூடு அந்த நச்சை அழிப்பதில்லை, கொதிக்க வைத்தாலும் அது தாங்கும். சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்று வலியும் வரும். காலையில் கையைத் தேய்த்துக் கழுவச் சொன்னேன் அல்லவா, அந்தப் பாக்டீரியா பெரும்பாலும் சமைப்பவரின் கையிலிருந்துதான் உணவுக்குப் போகிறது. ஆகவே மாலையில் மிஞ்சிய முட்டை, கோழி, பனீர் சாண்ட்விச்சைத் தயங்காமல் குப்பையில் போடுங்கள், டப்பாவை மூடி இடுக்கு வரை சோப்பால் கழுவிக் கவிழ்த்துக் காயவையுங்கள். எது மிஞ்சியது, எவ்வளவு மிஞ்சியது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தால் நாளை எதை மாற்றலாம் என்று தெரியும். வெண்ணெயை மாற்றும் நாளில் வெள்ளரியை மாற்றாதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, வந்த முடிவுகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.